பீவர் வேட்டைக்காரர்கள் போன வழியில்: கிரீன் நதிப் பயண நாட்குறிப்பு

புதன் – கிரீன் ரிவர் ஊர்

யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். செப்டம்பர் கடைசி. ஊர் எல்லையில் இன்னும் தர்பூசணிக் கடைகள் இருக்கின்றன. நாளைக் காலை இங்கிருந்து இரண்டு கனூ படகுகளில் கிளம்பி, லாபிரிந்த் பள்ளத்தாக்கு வழியாக மினரல் பாட்டம் என்ற இடம் வரை போகிறோம். நதி வழியே 68 மைல். நான், அக்கா, அத்தான், அவர்களுடைய பையன். அத்தானுக்கு இந்த நதி பழக்கம். எனக்கு இதன் கதைகள்தான் பழக்கம்.

இந்த நதிப் பக்கம் யார் வந்தாலும் முதலில் காதில் விழும் பெயர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1869இல் நான்கு படகுகளோடு வயோமிங்கிலிருந்து இந்த நதியில் கிளம்பி, இது போய்ச் சேரும் கொலராடோ நதியின் கிராண்ட் கேன்யன் முழுவதையும் கடந்தவர். ஊர் அருங்காட்சியகம் அவர் பெயரில் இருக்கிறது. கீழே இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்துக்கும் அவர் பெயர்தான். அவர் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நான் இங்கே வந்தது வேறு ஆட்களுக்காக. பவலுக்கு முன்னாலும் பின்னாலும் இதே தண்ணீரில் பீவர் (மரத்தைப் பல்லால் சீவும், நீரில் வாழும் கொறிவிலங்கு) தோலுக்காகவும் பொன்னுக்காகவும் போன பிழைப்புக்காரர்கள். அவர்களில் பலர் டைரி எழுதவில்லை. சிலர் பாறையில் பெயர் வெட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மாலை முழுக்க மூட்டை கட்டும் வேலை. இங்கே விதிகள் கறார். அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். நெருப்பு மூட்ட இரும்புத் தட்டு வேண்டும், மணலில் நேரடியாக மூட்டக் கூடாது. கழிவறைப் பெட்டியைக் கூடவே கொண்டுபோய், நிரம்பியதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நதித் தண்ணீர் வண்டலும் சேறுமாக இருப்பதால் குடிதண்ணீர் முழுவதையும் கேன்களில் எடுத்துப் போகிறோம். படகின் பாரத்தில் பாதி தண்ணீர்தான். அக்கா புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை எல்லாம் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிவிட்டாள்.

1907இல், இதே செப்டம்பரில், இதே ஊரிலிருந்து சார்லஸ் ரஸ்ஸல், எட்வின் மோனெட், பெர்ட் லோப்பர் என்ற மூன்று பேர் இரும்புத் தகட்டுப் படகுகளில் கிளம்பினார்கள். மூவரும் சுரங்க வேலை பார்த்தவர்கள். வழியில் கனிமம் ஏதாவது தென்படுமா என்று தேடிக்கொண்டே போவது அவர்கள் திட்டம். லோப்பர் பாதி வழியில் நின்றுவிட்டார். மற்ற இருவரும் கிராண்ட் கேன்யனைத் தாண்டி 1908 தொடக்கத்தில் நீடில்ஸ் ஊரை அடைந்தார்கள். லோப்பருக்கு அந்தக் கடன் மனதிலேயே தங்கியிருக்க வேண்டும். நதியை அவர் விடவில்லை. 1949 ஜூலையில், 80 வயது நிறையச் சில வாரங்களே இருந்தபோது, கிராண்ட் கேன்யனில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நிலையிலேயே இறந்தார்.

வியாழன் – பீவர் கரை

விடியற்காலையில் குளிர். எட்டு மணிக்குப் படகை இறக்கினோம். முன்னால் அக்காவும் அத்தானும், பின்னால் நானும் பையனும்.

முதல் சில மணி நேரம் வயல்களும் மொட்டைக் குன்றுகளும்தான். இடது கரையில் கிரிஸ்டல் கீசர் வந்தது. 1930களில் எண்ணெய்க்காகத் துளைத்த கிணறு அது. எண்ணெய்க்குப் பதில் கரியமில வாயுவோடு குளிர்ந்த தண்ணீர் பீறிட்டது. அதன் தாதுப் படிவு கரை நெடுக ஆரஞ்சு நிறத்தில் படிப்படியாக உறைந்து நிற்கிறது. இறங்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

மதியத்துக்கு மேல்தான் நான் எதிர்பார்த்தது கிடைத்தது. ஒரு மணல் திட்டில் சாப்பிட ஒதுங்கியபோது, கரையோரக் காட்டன்வுட் மரங்களில் ஒன்று இடுப்பளவு உயரத்தில் கூராகச் சீவப்பட்டு நின்றது. கீழே செதில்கள் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நீளம், ஈரம் இன்னும் போகவில்லை. அதில் இரண்டு இரண்டாகப் பல் பதிந்த தடம், ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் மெல்லிய கோடு. பீவரின் முன்பற்களில் வெளிப்பூச்சு இரும்புச் சத்தால் கெட்டிப்பட்டு ஆரஞ்சு நிறமாக இருக்கும். உட்புறம் மென்மையாக இருப்பதால் சீக்கிரம் தேய்ந்து, பல் எப்போதும் உளி முனையாகவே நிற்கும்.

"சித்தி, இங்கே அணை எதுவும் கட்டலையே?" என்று பையன் கேட்டான். பெரிய நதியில் பீவர் அணை கட்டுவதில்லை. ஒரு வெள்ளம் வந்தால் போய்விடும். இங்கே கரையைத் தோண்டி வளையில் இருக்கிறது. வளையின் வாய் தண்ணீருக்குள், படுக்கை மேலே காய்ந்த மண்ணில். கொஞ்ச தூரம் போனதும் சரிந்த கரையில் அப்படி ஒரு வளை வாயைத் தண்ணீர் மட்டத்தில் காட்டினேன். அவன் படகை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டான், நகரவிடவில்லை.

இந்த விலங்கின் ரோமத்துக்காகத்தான் ஒரு கண்டத்தின் உட்பகுதி முழுக்க மனிதர்கள் அலைந்தார்கள். பீவருக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே நீளமான முரட்டு முடி, அடியில் நெருக்கமான மெத்தென்ற ரோமம். அந்த அடி ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்து அமுக்கினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழை நனைக்காத கெட்டியான கம்பளி அட்டையாகிவிடும். லண்டனிலும் பாரிஸிலும் கனவான்கள் தலையில் இருந்த தொப்பி அதுதான். நெசவும் தையலும் இல்லாமல் அமுக்கியே செய்த துணி.

வேட்டை எப்படி நடந்தது என்று படித்ததை ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொன்னேன். இரும்புப் பொறி ஒன்று ஏறக்குறைய ஐந்து பவுண்டு எடை. பொழுது சாயும் நேரத்தில், தன் வாடை கரையில் ஒட்டாமலிருக்க, வேட்டைக்காரன் தண்ணீருக்குள் இறங்கியே நடப்பான். மலையில் பனி உருகி வரும் தண்ணீர் அது. பீவர் ஏறி இறங்கும் தடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே பொறியை வைத்து, சங்கிலியை ஆழமான பக்கம் இழுத்துக் கழி அடித்துக் கட்டுவான். பொறிக்கு மேலே ஒரு குச்சி. அதன் நுனியில் பீவரின் சுரப்பியிலிருந்து எடுத்த வாசனைப் பசை. எல்லைக்குள் வேறொரு பீவர் வந்துவிட்டது என்று நினைத்து மோந்து பார்க்க வரும். கால் மாட்டிக்கொள்ளும். பயந்து ஆழத்துக்குப் பாயும். பொறியின் பாரம் மேலே வரவிடாது.

"பாவமா இருக்கு," என்றாள் அக்கா. பாவம்தான். தோலை உரித்து, வில்லோ கொம்பை வளைத்த வளையத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, ரோமம் உள்ளே இருக்கும்படி மடித்து, நூறு பவுண்டுக் கட்டாகக் கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். 1825இல் மலைக்குள்ளேயே ஒரு பவுண்டு தோலுக்கு மூன்று டாலர் கிடைத்தது. பதினைந்து வருடத்தில் நதி நதியாக பீவர் காலி. அதே சமயம் பட்டுத் தொப்பி மோஸ்தருக்கு வந்துவிட்டது. வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் வருடாவருடம் மலையில் கூடிய சந்தை 1840இல் கடைசியாக நடந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே இருட்டில் நதிப்பக்கம் படாரென்று ஒரு சத்தம். தட்டை வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்து மற்ற பீவர்களை எச்சரிக்கும் சத்தம் அது. டார்ச் அடித்துப் பார்த்தோம். அலை வட்டம்தான் இருந்தது. அவை இத்தனை தூரம் பெருகித் திரும்ப வந்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

வெள்ளி – முகம் திருப்பிய படகு

சான் ரஃபேல் என்ற சிற்றாறு வலது பக்கம் வந்து சேர்ந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைச் சுவர் எழும்பத் தொடங்கியது. லாபிரிந்த் பள்ளத்தாக்கின் வாசல் இது. பவலின் குழு வைத்த பெயர். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மாறிக்கொண்டிருந்தது.

இந்த நதியில் பதிவான முதல் படகுப் பயணம் 1825 வசந்தத்தில் வில்லியம் ஆஷ்லி என்ற தோல் வியாபாரியுடையது. இங்கே இல்லை, வடக்கே வயோமிங்கிலிருந்து யூட்டாவின் வடகிழக்கில் உள்ள யூயின்டா சமவெளி வரை. அவரிடம் மரப் படகு கிடையாது. வில்லோ கொம்புகளைச் சட்டமாகக் கட்டி, மேலே காட்டெருமைத் தோலை இழுத்துப் போர்த்திப் படகு செய்தார்கள். ஒகேனக்கல்லில் ஓடும் பரிசலை நினைத்துக்கொண்டால் போதும், வேலைப்பாடு ஏறக்குறைய அதேதான். அதில் ஏறி, முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாத பள்ளத்தாக்குகளில் இறங்கினார்கள். ரெட் கேன்யன் பகுதியில் ஒரு பாறையில் ஆஷ்லி தன் பெயரையும் வருடத்தையும் எழுதினார். 44 வருடம் கழித்து பவல் அதைப் பார்த்தார். இப்போது அந்த இடம் ஃபிளேமிங் கார்ஜ் அணையின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

மதியம் ட்ரின் ஆல்கோவ் என்ற இடத்தில் ஒதுங்கினோம். மூன்று பக்கப் பள்ளத்தாக்குகள் ஒரே வாயில் வந்து சேரும் இடம். அங்கே ஒரு பெரியவர் தனியாக, தட்டை அடிப்பாகம் கொண்ட மரப் படகோடு இருந்தார். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தன. பார்த்ததுமே "கேலவே படகா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தானே செய்ததாம். அப்புறம் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

நத்தேனியல் கேலவே என்பவரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் பயணமே பாதி அவருக்காகத்தான்.

பவலின் படகுகள் 1869இல் சிகாகோவில் செய்தவை. மூன்று படகுகள் கருவாலி மரத்தில், 21 அடி நீளம், அடியில் கூர்மையான முதுகெலும்புக் கட்டை. துறைமுகத்துக்கு ஏற்ற படகு. துடுப்புப் போடுபவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இழுப்பார்கள். ஏரியில் அது சரி. பாறைகளுக்கு நடுவே நதி சீறி விழும் இடத்தில், வரப்போவதைப் பார்க்காமல், வேகத்தையும் கூட்டிக்கொண்டு போவது எப்படி முடியும்? பல இடங்களில் கயிறு கட்டிக் கரையிலிருந்து இறக்கினார்கள். அல்லது சாமான்களையும் படகையும் தோளில் தூக்கிக் கடந்தார்கள். அப்படியும் லொடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது.

கேலவே யூட்டாவின் வெர்னல் பகுதியைச் சேர்ந்த பீவர் வேட்டைக்காரர். 1890களில் கிரீன் நதியிலும் கொலராடோ நதியிலும் பொறி வைத்துக்கொண்டும் மணலில் பொன் தேடிக்கொண்டும் அலைந்தவர். அவர் படகு 16 அடி அளவுதான். இலேசான பலகை, தட்டை அடிப்பாகம், தூக்கிய முனைகள், ஒரே ஆள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடினமான இடம் வந்ததும் படகைத் திருப்பி, பின்புறம் முன்னால் போகும்படி வைத்துக்கொள்வார். இப்போது அவர் முகம் நதி போகும் திசையில் இருக்கிறது. பாறை எங்கே, வழி எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது. துடுப்பை இழுத்தால் படகு நீரோட்டத்துக்கு எதிராக இழுபடும், வேகம் குறையும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இழுத்தால், நீரோட்டமே படகை இடமோ வலமோ கொண்டுபோய்விடும்.

பெரியவர் எங்கள் பையனைத் தன் படகில் ஏற்றினார். முதலில் வழக்கம்போல முதுகு காட்டி இழுக்கச் சொன்னார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போய் மணல் திட்டில் முட்டினான். அப்புறம் திருப்பி உட்காரவைத்து, "அந்தக் கட்டையைப் பார். அதிலிருந்து விலகி இழு" என்றார். அவ்வளவுதான் பாடம். தண்ணீரில் கிடந்த மரத்தை நோக்கிப் படகு மிதந்து போனது. பையன் படகின் பின்முனையை இடப்பக்கம் சாய்த்து மூன்று தடவை நீளமாக இழுத்தான். படகு பக்கவாட்டில் நழுவி, மரத்தைத் தொடாமல் கடந்தது. கரையிலிருந்து நான் கைதட்டினேன். இன்றைக்கும் கிராண்ட் கேன்யனில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொண்டுபோகும் படகோட்டிகள் அடிப்படையில் இந்த முறையைத்தான் கற்கிறார்கள்.

1896இல், கேலவேக்குத் தொடர்பில்லாமல், ஜார்ஜ் ஃபிளாவெல் என்ற இன்னொரு வேட்டைக்காரர் ராமோன் மொன்டேஸ் என்ற துணையோடு வயோமிங்கிலிருந்து கிளம்பினார். தட்டை அடிப்பாகப் படகு, பெயர் பாந்தன். அவரும் முன்னால் பார்த்தே ஓட்டினார். கிராண்ட் கேன்யனில் ஏறக்குறைய எல்லா ஆபத்தான இடங்களையும் படகிலிருந்து இறங்காமலேயே தாண்டினார். வேட்டையும் பாறைச் சுவர்களில் பொன் தேடுவதும் தன் பயண நோக்கங்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். அதே குளிர்காலத்தில் கேலவேயும் வில்லியம் ரிச்மண்டும் பின்னாலேயே கடந்தார்கள்.

ஒருவரையொருவர் பார்த்துக் கற்காத இரண்டு பேர், ஒரே காலத்தில், ஒரே மாதிரி திரும்பி உட்கார்ந்தது ஏன்? எனக்கு ஒன்று தோன்றுகிறது. பீவர் வேட்டைக்காரன் கரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சீவிய குச்சி, வளை வாய், சேற்றில் வாலின் தடம், இதெல்லாம் கடந்துபோன பிறகு பார்த்தால் பிரயோஜனமில்லை. படகைத் தூக்க அவனிடம் பத்து ஆட்கள் கிடையாது. கவிழ்ந்தால் ஒரு பருவத்துத் தோல் முழுக்கப் போய்விடும். அறிவியல் பயணத்துக்கு அரசும் கல்லூரிகளும் உதவின. இவர்களுக்கு இவர்கள் மட்டும்தான். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தலையாட்டி, "வயிறு சொல்லிக்கொடுத்த வித்தை" என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

சனி – வில்முடிச்சு வளைவு

எதிர்க்காற்று. காலை முழுக்க கை வலிக்கத் துடுப்புப் போட்டும் படகு நகரவில்லை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஹே ஜோ பள்ளத்தாக்கின் வாயில் துருப்பிடித்த இயந்திரங்கள் கிடக்கின்றன. இதுவும் கனிமம் தேடியவர்களின் தடம்தான், ஆனால் 1950களுடையது. 1952இல் சார்லி ஸ்டீன் என்பவர் மோவாப் ஊருக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்ததும், இந்தப் பாறை நாடு முழுக்க ஜீப்பும் கதிரியக்கம் அளக்கும் கைகர் கருவியுமாக ஜனங்கள் புகுந்தார்கள். நதியோரம் அவர்கள் வெட்டிய பாதை இன்னும் தெரிகிறது. பழைய சுரங்க வாய்களுக்குள் போகக் கூடாது என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உள்ளே ராடான் வாயு தேங்கியிருக்கும், கூரையும் நம்ப முடியாது.

பிற்பகலில் போனாட் பெண்ட், அதாவது வில்முடிச்சு வளைவு. நதி ஏழு மைல் சுற்றிவந்து, கிளம்பிய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மறுபடி ஓடுகிறது. நடுவே ஒரு பாறை முதுகுதான். அதன் மேலே ஏறினோம். கொஞ்சம் செங்குத்து, கையூன்றி ஏறும்படி ஓரிரு இடங்கள். உச்சியில் நின்றால் இடது பக்கமும் கிரீன் நதி, வலது பக்கமும் கிரீன் நதி. மேலே பாறையில் நூறு வருடத்துக்கு முந்தைய பெயர்களும் இருக்கின்றன. 1900களின் தொடக்கத்தில் இந்த அமைதியான பகுதியில் சின்ன நீராவிப் படகுகளும் மோட்டார் படகுகளும் ஓட்டிப் பார்த்தார்கள். மணல் திட்டுகள் அந்த வியாபாரத்தை நிலைக்கவிடவில்லை.

ராத்திரி ரவை உப்புமா. சீக்கிரம் தூங்கிவிட்டோம்.

ஞாயிறு – 3 மே 1836

ஹெல் ரோரிங் பள்ளத்தாக்கின் வாய். இடது கரை, சேற்றில் கால் புதைய இறங்கினோம். டாமரிஸ்க் புதரை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால், பாறைச் சுவரில் இருக்கிறது.

டி. ஜூலியன். 1836. 3 மே.

எழுத்துகள் ஆழமாக, நிதானமாகக் கொத்தியவை. அவசரக் கிறுக்கல் கிடையாது. இரும்பு முனை ஒவ்வொரு தடவையும் இறங்கிய குழி தனித்தனியாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு படகின் உருவம். அதற்கு நடுவே பாய்மரம். இன்னொரு பக்கம் சிறகு முளைத்த வட்டம் போல ஒன்று. நாங்கள் நாலு பேரும் எதுவும் தொடாமல் அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

டெனிஸ் ஜூலியன் பிரெஞ்சு வழி வந்த தோல் வேட்டைக்காரர், வியாபாரி. செயின்ட் லூயிஸ் பக்கத்திலிருந்து வந்து, யூயின்டா சமவெளியில் அந்துவான் ரோபிடூவின் வியாபாரக் குழுவோடு இருந்தவர். அவர் எழுதிய பயணக்குறிப்பு எதுவும் கிடையாது. பாறையில் கொத்திய பெயர்கள்தான் அவர் போன வழிக்குச் சாட்சி. லாபிரிந்த் பள்ளத்தாக்கிலேயே, நதியில் இன்னும் மேலே, அதே 1836இல் மே 16 என்ற தேதியோடு இன்னொன்று இருக்கிறது. மே 3இல் கீழே இருந்தவர் மே 16இல் மேலே இருக்கிறார். அப்படியென்றால் அவர் நீரோட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தார். படகில் பாய்மரம் எதற்கு என்பது இப்போது விளங்குகிறது. நேற்று எங்களைப் படாதபாடு படுத்திய அந்தக் காற்று, மேல்நோக்கிப் போகிறவனுக்கு உதவி.

மே மாதம் பனி உருகி நதி ஏறும் காலம். அந்த வெள்ளத்தை எதிர்த்து, பாய் விரித்தும், காற்று நின்றால் கழியூன்றியும் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தும் ஒருவர் போயிருக்கிறார். கீழே கேட்டரக்ட் பள்ளத்தாக்கிலும் அவர் பெயர் அதே வருடத்தோடு இருந்தது. பின்னால் பவல் நீர்த்தேக்கம் அதை மூடிவிட்டது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 1844 என்ற வருடத்தோடு ஒன்று. அந்த வருடத்தில்தான் ரோபிடூவின் யூயின்டா கோட்டையை அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யூட் மக்கள் அழித்தார்கள். அது அவர்களுடைய மண். தோல் வியாபாரத்தால் அங்கே என்னவெல்லாம் நுழைந்தது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1869இல் பவல் இந்த வளைவுகளில் மிதந்து வந்தபோது ஜூலியனின் எழுத்துக்கு வயது 33. இதை எந்தப் பாடப்புத்தகமும் முதல் பக்கத்தில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாலையில் கீழ்த் திட்டு ஒன்றில் முகாம். பையன் சாப்பாட்டுத் தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். கடைசியில் அடியில் கறுப்பு மணல் ஒரு கோடாகத் தங்கியது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொண்டு எழும்பியது, இரும்புத் தாது. பொன் இருந்தால் அந்தக் கறுப்புக் கோட்டோடுதான் இருக்கும்.

"பொன் இருந்துச்சா இல்லையா சித்தி, இந்த ஆத்துல?"

இருந்தது. அதுதான் சிக்கல். இங்கிருந்து கீழே கிளென் பள்ளத்தாக்கில் 1883இல் காஸ் ஹைட் என்பவர் பொன்மணலைக் கண்டதும் ஆட்கள் படகும் கழுவுத்தொட்டியுமாக வந்து குவிந்தார்கள். ஆனால் அது மாவுப் பொன். அவ்வளவு நுண்ணிய தகடு, நீரில் மூழ்காமல் வண்டலோடு மிதந்தே போய்விடும். ராபர்ட் ஸ்டான்டன் என்ற பொறியாளர், பெரிய இயந்திரம் வைத்து மணலைத் தோண்டினால் கட்டுப்படியாகும் என்று நம்பினார். ஹோஸ்கனினி கம்பெனி உருவானது. தோண்டு இயந்திரத்தின் பாகங்கள் ரயிலில் நாங்கள் கிளம்பிய அதே கிரீன் ரிவர் ஊருக்கு வந்து, அங்கிருந்து பாலைவனம் வழியே வண்டிகளில் போயின. 1901இல் ஓட்டினார்கள். லட்சம் டாலருக்கு மேல் கொட்டிய இடத்தில், இரண்டு தடவை கழுவி எடுத்த பொன்னின் மொத்த மதிப்பு 66 டாலர் 95 செண்ட்.

அந்தக் கம்பெனியின் தலைவர் ஜூலியஸ் ஸ்டோன். போட்ட பணம் போனாலும், அந்த மணல் வேலையில்தான் அவருக்கு கேலவேயின் பழக்கம் கிடைத்தது. அதன் விளைவு 1909. ஸ்டோன் செலவு செய்ய, கேலவே வடிவமைத்த நான்கு படகுகள் வயோமிங்கில் இதே பெயர் கொண்ட கிரீன் ரிவர் ஊரிலிருந்து செப்டம்பரில் கிளம்பி, நவம்பரில் நீடில்ஸ் போய்ச் சேர்ந்தன. பிழைப்பும் அளவையும் இல்லாமல், பார்ப்பதற்காகவே நடந்த பயணம். புகைப்படக்காரர் ரேமண்ட் காக்ஸ்வெல் வழி முழுக்கப் படமெடுத்தார். படகோட்டி சீமோர் டூபென்டார்ஃப் கவிழ்ந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர். கிராண்ட் கேன்யனைப் படகில் இரண்டு தடவை கடந்த முதல் மனிதர் ஆனார் கேலவே. 1913இல் வெர்னலில் இறந்தார். நாங்கள் இந்த வாரம் சும்மா பார்ப்பதற்காக வந்திருக்கிறோமே, அந்த வழியை நதியில் திறந்துவைத்தது ஒரு பீவர் வேட்டைக்காரரும் தோற்றுப்போன பொன் கம்பெனிக்காரரும்தான்.

1938இல் ஸ்டோன் மறுபடி கிளென் பள்ளத்தாக்குக்கு வந்தார். வயது எண்பதுக்கு மேல். பாதி மூழ்கிக் கிடந்த தோண்டு இயந்திரத்திலிருந்து பலகை எடுத்து நெருப்பு மூட்டி, காபி வைத்துக் குடித்தார்.

திங்கள் – மினரல் பாட்டம்

காலையில் கொஞ்ச தூரம்தான். இடது கரையில் கரையேறும் சரிவு தெரிந்ததும் பையன் துடுப்பை நிறுத்திவிட்டான். அவனுக்கு இறங்க மனமில்லை. கனூவைத் திருப்பிப் பின்பக்கமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று இரண்டு சுற்றுச் சுற்றினான். கனூவில் அது அவ்வளவு எடுபடாது. ஆனாலும் விட்டுவிட்டோம்.

வாடகை வண்டி பதினோரு மணிக்கு வந்தது. மேலே ஏறும் சாலை பாறைச் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. அதுவும் யுரேனியக் காலத்தில் போட்டதுதான். மழை பெய்தால் மூடிவிடுவார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பரில் தண்ணீர் குறைவு, கொசுவும் குறைவு, மணல் திட்டில் முகாம் போட இடம் தாராளம். மே, ஜூனில் நதி வேகமாக இழுத்துப் போகும், ஆனால் திட்டுகள் மூழ்கியிருக்கும், கொசு தாங்காது. லாபிரிந்தில் பயப்படும்படி பாய்ச்சல் எதுவும் இல்லை, புதியவர்களும் போகலாம். காற்றுதான் எதிரி, அதனால் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் தூரத்தை முடித்துவிடுங்கள். மினரல் பாட்டத்துக்குக் கீழே கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா வந்துவிடும், அதற்குத் தனி அனுமதி. கிரீன் நதியும் கொலராடோ நதியும் கூடும் இடத்துக்குப் பிறகு கேட்டரக்ட் பள்ளத்தாக்கு, அங்கே கனூவோடு போகவே கூடாது. ஜூலியன் கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டி தேய்த்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தானாகவே தெளிவாகத் தெரியும்.